வலை இழுத்த கை

ஆரையம்பதியில் மீன்பாடு குறைந்துபோனதால், வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டவர்களுக்கு நீர்ச்சறுக்கு பழக்கும் வேலைக்குப் போனேன். முதலில் நான் பழக வேண்டும். விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு, அலுத்த உடம்போடு போய்க் காலில் பலகைகளை மாட்டுவேன். துபாயில் இதைப் பழகி வந்த காத்தான்குடி றிஸ்வான் படகை ஓட்டுவான். படகு வெளிக்கிட்டதும், அதில் கட்டியிருந்த கயிற்றை நான் நெஞ்சுக்கு இழுப்பேன். உடனே மல்லாக்க விழுவேன்.

"மச்சான், இது வலையில்ல. நீ இழுக்காத. கைய நீட்டிப் பிடிச்சிட்டுச் சும்மா இரி, போட் உன்னத் தூக்கும்."

விளங்கியது. ஆனாலும் கயிறு கைக்கு வந்தால் இழுக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழமையாக உப்புத் தண்ணீர்தான் குடித்தேன்.

"நாளைக்கு முதலாளி பாக்க வாறார். இண்டைக்கும் எழும்பாட்டி வேற ஆளப் போடுவார்" என்றான் றிஸ்வான்.

விடிய வலை இழுத்ததும் ஒரு கிழமையாக விழுந்து எழும்பியதும் சேர்ந்து, அன்று முழங்கையை மடக்கவே முடியவில்லை. விழுந்தால் விழட்டும் என்று கைகளை நீட்டியபடி தண்ணீரில் கிடந்தேன். படகு இழுத்தது. உடம்பு தானாக எழும்பியது; வாவி எனக்குக் கீழே ஓடியது.

றிஸ்வான் திரும்பிப் பார்த்து, "இப்பதான் விளங்கிச்சா?" என்று கத்தினான்.

ஓம் என்று தலையாட்டினேன். உண்மை அதுவல்ல. இழுக்கக் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்திருந்தால், அன்றும் விழுந்துதான் இருப்பேன்.