எந்த சிவப்புண்ணே?

எங்க தெருவுல என்னை "ஏசிக்காரரு"ன்னுதான் கூப்புடுவாங்க. அது பாதி நிஜம். ஒரகடம் பக்கத்துல ஒரு கார் கம்பெனியில பதினேழு வருஷமா லைன்ல நிக்கிறேன். புது வண்டிங்களுக்கு ஏசி கேஸ் போடுற எடம். வண்டி வந்து நிக்கும். மேல தொங்குற ரெண்டு ரப்பர் ஓஸை இழுத்து மாட்டுவேன். பட்டனை அமுத்துவேன். அவ்ளோதான் நானு. மிச்சமெல்லாம் மெஷின். உள்ள கீற காத்தை உறிஞ்சி, ஓட்டை எதுனா கீதான்னு பாத்து, கேஸை அளந்து வுடும். அது முடியுற வரைக்கும் தலைக்கு மேல சிவப்பு லைட்டு எரியும். முடிஞ்சா பச்சை. பச்சை வந்தா ஓஸைக் கழட்டிட்டு அடுத்த வண்டி. நடுவுல மூக்கு சொறியறதுக்கு நல்லா டைம் இருக்கும்.

இத நான் தெருவுல சொன்னதே இல்ல. எதுக்கு சொல்லணும்? யாரு வூட்டு வண்டியில சூடா காத்து வந்தாலும் என்னாண்ட வந்து, "இன்னாவா இருக்கும்ணே?"ன்னு கேப்பாங்க. நான் பானெட்டைத் தூக்கி, கண்ணைச் சுருக்கிப் பாத்து, "கேஸ் போயிருக்கும்"னு சொல்லுவேன். எது போனாலும் கேஸ் போயிருக்கும்னுதான் சொல்லுவேன். பாதி தடவை கரெக்டா இருந்துடும். அதுல வந்த பேருதான்.

இந்த வருஷம் கத்திரி வெயில்ல என் வண்டியிலயே சூடா காத்து வந்துச்சு. என் வண்டிக்கு வயசு பதினஞ்சுக்கு மேல. மூணு வாரமா அனல் அடிச்சுது. ஏசிக்காரன் வண்டியிலயே ஏசி இல்லன்னா வெளிய தெரியக் கூடாதேன்னு, கண்ணாடியை ஏத்தி வுட்டுக்கினு, உள்ள வெந்துக்கினு, தெருவுல போறவங்களைப் பாத்து சிரிச்சிக்கினே ஓட்டினேன்.

அப்பத்தான் என் பொண்ணுக்குக் காஞ்சிபுரத்துல கொழந்தை பொறந்துச்சு. பொண் கொழந்தை. தலைப்பிரசவம், எங்க வூட்டுக்குத்தான் வரணும். என் பொண்டாட்டி ரெண்டு மாசமாவே அதுக்கு ரெடி. நடு ரூம்ல கொக்கிய மாட்டி, தூளியைக் கட்டி, உள்ள ஒரு தலகாணியைப் போட்டு ஆட்டி ஆட்டிப் பாத்துக்கினு இருந்தா.

டிஸ்சார்ஜுக்கு மொத நாள் ஆஸ்பத்திரியில சம்பந்தியம்மா என்னை ரூம் ஓரமா கூப்டாங்க. அவங்க திருநெல்வேலி பக்கம். மாப்பிள்ளைக்கு இங்க வேலை கெடைச்சதுல இருந்து மறைமலை நகர்ல இருக்காங்க. நல்ல மனுஷி. ஆனா பேத்தி பொறந்த நிமிஷத்துல இருந்து அவங்க கை கொழந்தையை வுடவே இல்ல.

"சம்பந்தி, கேக்கேன்னு தப்பா நினைக்காதீய. உங்க வண்டில ஏசி ஓடுமா?"

"இன்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நான் இன்னா வேலை பாக்குறேன்?"

"அதுக்கில்ல. பச்சப்புள்ள, இந்த வெயில்ல வெந்துல்லா போகும்? ஓடலைன்னா சொல்லிருங்க. நம்ம பய வண்டில எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருதோம். மூணாம் மாசம் வந்து அழைச்சிக்கிடுங்க."

"மாப்ள வண்டியிலயே எங்க வூட்டுல எறக்கி வுட்டா..."

"எங்க வண்டிக்கு எங்க வீட்டு வழி மட்டுந்தான் தெரியும், சம்பந்தி." சொல்லிட்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா ரெண்டு சிரிப்பும் ஒண்ணு இல்ல.

கட்டில்ல இருந்த என் பொண்ணு என்னையே பாத்துக்கினு இருந்தா. கெளம்பும்போது என் சட்டையைப் பிடிச்சு இழுத்து காதுல சொன்னா: "யப்பா, நெஜமா ஏசி ஓடுதா?"

"சில்லுன்னு ஓடுதும்மா."

"நான் நம்ம வூட்டுக்குத்தான்பா வரணும். அம்மாகிட்ட இருந்தாதான் எனக்குத் தூக்கமே வரும்."

என்னோட அந்த அனல் வண்டியில உக்காந்துதான் வேர்வையோட திரும்பி வந்தேன். எங்க வூட்டாண்ட ஒரகடத்துல ஏசி கடைக்காரரு, "இப்ப சீசன்ணே, மூணு நாள் ஆவும்"னாரு. எனக்கு மூணு நாள் இல்ல, ஒரு ராத்திரிதான் இருந்துச்சு. வர்ற வழியிலயே வாலாஜாபாத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒரு கேஸ் டப்பாவும், மீட்டர் வெச்ச ஓஸும் வாங்கி சீட்டுக்கு அடியில வெச்சிருந்தேன். கடைக்காரரு "போடத் தெரியுமா?"ன்னு கேட்டாரு. நான் கழுத்துல தொங்குன கம்பெனி ஐடி கார்டைத் திருப்பிக் காட்டினேன். அந்தாளு பயந்துட்டாரு.

காலையில ஆறு மணிக்கே வாசல்ல பானெட்டைத் தொறந்துட்டேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஏசியை ஃபுல்லா வெச்சேன். பொண்டாட்டி காபியோட வந்து நின்னா. ஒரு நிமிஷம் தலையைச் சாய்ச்சு கேட்டா.

"இன்னாங்க, டொக்குன்னு சத்தம் வரல?"

"இன்னா டொக்கு?"

"முன்னல்லாம் ஏசி போட்டா டொக்குன்னு ஒரு சத்தம் வரும். வண்டி ஒரு தடவை தலையை ஆட்டும். நான்தானே பக்கத்துல உக்காந்துக்கினு வர்றேன். மூணு வாரமா அந்த டொக்கு இல்ல."

"டொக்குல்லாம் வண்டிக்கு வயசானா போயிடும். நீ போயி வெந்நீர் வை."

"உங்களுக்கு வயசாச்சே, உங்க வாய் போச்சா?"ன்னுட்டு உள்ள போயிட்டா.

தடியான பைப்புல இருந்த மூடியைக் கழட்டி ஓஸை மாட்டினேன். அதுல தப்பு இல்ல. அது பதினேழு வருஷப் பழக்கம், கண்ணை மூடிக்கினு மாட்டுவேன். மீட்டர்ல நீலம், பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் கலரா கோடு. மாட்டின உடனே முள்ளு விர்ருன்னு போயி சிவப்புல நின்னுச்சு.

மத்தவங்களா இருந்தா அங்கயே பயந்திருப்பாங்க. எனக்கு பயமே இல்ல, நிம்மதியா இருந்துச்சு. சிவப்புன்னா இன்னா? வேலை முடியல. பச்சை வர்ற வரைக்கும் நிக்கணும். இதுக்குத்தானே எனக்கு சம்பளம் தர்றாங்க? டப்பாவோட திருகைத் தொறந்தேன். நின்னேன். மூக்கைச் சொறிஞ்சேன்.

பத்து நிமிஷம். முள்ளு சிவப்புல. திருகை இன்னும் தொறந்தேன். டப்பாவை ஆட்டினேன், தலைகீழா புடிச்சேன், திட்டினேன். எஞ்சின் சூடாக சூடாக முள்ளு இன்னும் கொஞ்சம் சிவப்புக்குள்ள போச்சு. உள்ள கையை வெச்சுப் பாத்தா அதே அனல். டப்பாவை வெந்நீர்ல வெச்சா கேஸ் நல்லா எறங்கும்னு எவனோ கேன்டீன்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு.

"ஏம்மா, வெந்நீர் காஞ்சிடுச்சா? ஒரு பக்கெட்ல கொண்டா!"

"இன்னும் அஞ்சு நிமிஷம்!"

அந்த அஞ்சு நிமிஷத்துலதான் நான் பொழைச்சேன். சும்மா நிக்கிற நேரத்துல, எங்க மெஷின் ரிப்பேர் ஆனா வந்து பாக்குற மெயின்டனன்ஸ் தம்பிக்கு ஒரு போன் போட்டேன். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு கம்பெனி பஸ்ல தூங்கிக்கினு போறவன். எடுத்தான்.

"இன்னாண்ணே, காலங்காத்தால?"

"தம்பி, வூட்டுல என் வண்டிக்கு கேஸ் போடுறேன். பச்சையே வர மாட்டேங்குது."

"முள்ளு எங்க கீது?"

"சிவப்புலதான் கீது. கால் மணி நேரமா போட்டுக்கினே இருக்கேன்."

அவன் மெதுவா கேட்டான்: "எந்த சிவப்புண்ணே?"

"எத்தினி சிவப்புடா கீது? மீட்டர்ல கடைசியா கீதே, அந்த சிவப்பு."

"யண்ணே! அது நம்ம லைன் லைட்டு இல்லண்ணே! அந்த சிவப்பு 'பத்தல'ன்னு சொல்லல, 'பிரஷர் ஏறிப் போச்சு, ஓடிப் போயிடு'ன்னு சொல்லுது! மொதல்ல திருகை மூடு. மூடிட்டியா? வண்டியை ஆஃப் பண்ணு. டப்பாவை சூடு எதுனா பண்ணினியா?"

"இல்ல, இப்பத்தான் உங்க அண்ணி பக்கெட்ல வெந்நீர்..."

"அடுப்பை அமத்தச் சொல்லுண்ணே!"

நான் கத்தின கத்துல பொண்டாட்டி கரண்டியோட ஓடியாந்தா. வண்டியை வெடிக்க வெச்சுட்டேனோ? பைப்பு பிச்சிக்கினு போச்சோ? பதினோரு மணி டிஸ்சார்ஜுக்கு சம்பந்தியம்மா மாப்ள வண்டி கதவைத் தொறந்து வெச்சிக்கினு நிக்கிறது அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு.

"டப்பாவைக் கழட்டி கையில தூக்கிப் பாரு. கனமா கீதா?"

"வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கீதுப்பா."

போன்ல பெரிய மூச்சு ஒண்ணு வந்துச்சு. "அப்பாடா. அப்ப கேஸ் உள்ள போகவே இல்ல. உனக்கு சாமி இருக்குண்ணே. கம்ப்ரசர் ஓடலன்னா கேஸை யாரு இழுப்பா? உள்ளயும் டப்பாவுலயும் ஒரே பிரஷர், நீ பாட்டுக்கு நின்னுக்கினு இருந்திருக்க. வண்டியில கேஸ் நெறைய கீது. கம்ப்ரசர்தான் சுத்தல. ஏசி போட்டா டொக்குன்னு சத்தம் வருதா?"

போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். கரண்டியோட நின்னவ என் மூஞ்சியையே பாத்தா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கூட தாங்கியிருப்பேன்.

"கீழ டார்ச் அடிச்சுப் பாருண்ணே. கம்ப்ரசருக்கு ஒத்த ஒயர் ஒண்ணு போகும்."

படுத்துக்கினு டார்ச் அடிச்சேன். எங்க வூட்டுக்குப் பின்னால பிளாட்டு போட்டு வுட்ட காலி மனைங்க. பெருச்சாளிங்களுக்கு அதான் ஊரு. எஞ்சினுக்கு அடியில ஒண்ணு குடித்தனமே நடத்தியிருக்கு. வேப்பங்குச்சி, பஞ்சு, பாதி பிஸ்கெட்டு, அப்புறம் கம்பெனியில எனக்குக் குடுத்த ஆரஞ்சு கலர் காதடைப்பான் ஒண்ணு. அதுக்கும் எங்க வூட்டு சத்தம் தாங்கல போல. பக்கத்துலயே அந்த ஒத்த ஒயரு, ரெண்டா அறுந்து தொங்குச்சு.

அவன் போன்லயே சொல்லச் சொல்ல, பேட்டரி ஒயரைக் கழட்டி வெச்சிட்டு, ரெண்டு முனையையும் சீவி, முறுக்கி, டேப்பை சுத்தினேன். டேப்பைப் பல்லால கடிச்சுத்தான் அறுத்தேன். இந்த வண்டி ஒயர்ல இப்ப பெருச்சாளி பல்லும் பட்டிருக்கு, என் பல்லும் பட்டிருக்கு. பேட்டரியை மாட்டி, டப்பா இல்லாம வெறும் மீட்டரை மட்டும் பைப்புல மாட்டி, வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். பொண்டாட்டி உள்ள உக்காந்து ஏசி பட்டனைத் தட்டினா.

டொக்.

வண்டி ஒரு தடவை தலையை ஆட்டுச்சு. சிவப்புல இருந்த முள்ளு மெதுவா எறங்கி, மஞ்சளைத் தாண்டி, பச்சையில போயி உக்காந்துச்சு. நான் ஒரு சொட்டு கேஸ் போடல. பதினேழு வருஷத்துல அப்படி ஒரு பச்சையை நான் பாத்ததே இல்ல. அப்படியே வாசல்லயே சப்பணம் போட்டு உக்காந்துட்டேன்.

"பச்சைடா தம்பி!"

"சரிண்ணே, நான் தூங்குறேன். தெருவுல யாருக்கும் கேஸ் போட்டுத் தொலைக்காத. போன உடனே பாப்பாவுக்கு என் பேரைச் சொல்லி ஒரு முத்தம் குடு." வெச்சுட்டான்.

வாலாஜாபாத் ரோட்டுல கார் ஏத்தின டிரெய்லருங்களுக்குப் பின்னால போய்க்கினு இருந்தோம். வழியெல்லாம் பொண்டாட்டி காத்து வர்ற எடத்துல கையை வெச்சிக்கினே வந்தா. கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடும்போதெல்லாம் வர்ற டொக்கை நான் எண்ணிக்கினே வந்தேன். டேப்பு எப்ப பிச்சிக்கும்னு யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரி வாசல்ல, நான் நெனைச்ச மாதிரியே, மாப்பிள்ளை வண்டி ஏசி ஓடிக்கினு ரெடியா நின்னுச்சு. சம்பந்தியம்மா நேரா என் வண்டிகிட்ட வந்தாங்க. கதவைத் தொறந்து, பின் சீட்டுல உக்காந்து, முன்னால கையை நீட்டி, காத்துல வெச்சுப் பாத்தாங்க. லைன்ல இன்ஸ்பெக்ஷன்காரங்க கூட அவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க.

"ஐஸு கணக்கால்லா இருக்கு!" அப்புறம் மகனைப் பாத்து, "ஏல, நீ டூட்டிக்குப் போ. நான் இதுலயே போயி புள்ளைய விட்டுட்டு வாறேன்"னாங்க. "கம்பெனில கேஸ் போடுத கைன்னா சும்மாவா, சம்பந்தி?"

நான் கண்ணாடியை சரி பண்ணினேன். பக்கத்து சீட்டுல என் பொண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. அவ தோளு மட்டும் குலுங்கிக்கினு இருந்துச்சு.

பொண்ணு கொழந்தையோட ஏறினா. கொழந்தை ஒரு தும்மல் போட்டுச்சு. உடனே காத்தை என் பக்கம் திருப்பி வுட்டேன். ஒரகடம் வர்ற வரைக்கும் எனக்குப் பல்லு கிட்டிச்சு. டொக்கு வரும்போதெல்லாம் கொழந்தை புருவத்தைத் தூக்குதாம். பின்னாடி இருந்து சம்பந்தியம்மாவும் என் பொண்ணும் மாத்தி மாத்தி சொல்லிக்கினே வந்தாங்க.

வூட்டு வாசல்ல நிறுத்தினேன். பொண்டாட்டி ஆரத்தி கரைக்க உள்ள ஓடினா. தட்டுல சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து செக்கச் செவேல்னு எடுத்துக்கினு வந்தா. அந்த சிவப்பைப் பாத்ததும் எனக்கு ஒரு செகண்டு திக்குன்னுச்சு. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு.

"இது நல்ல சிவப்புதாங்க. பயப்படாதீங்க"ன்னா.

"எந்த சிவப்பு?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க.

"ஒண்ணுமில்லீங்க"ன்னேன்.

மூணு சுத்து சுத்தி முடிக்கிற வரைக்கும் பொண்ணு கார்ல இருந்து எறங்கவே இல்ல. மடியில கொழந்தை தூங்கிடுச்சு. "யப்பா, உள்ள தூளியில போடுற வரைக்கும் ஏசியை ஆஃப் பண்ணாதப்பா. நல்லா இருக்கு"ன்னா.

நான் சாவியில இருந்து கையை எடுத்துட்டேன்.