மெதுவாகத் திரும்பும் ரத்தம்

செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அங்கே மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு மேடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரத்த அணுவின் தோல் கொழுப்பால் ஆனதாம். அதில் செருகி நிற்கும் புரதங்கள் நின்ற இடத்திலேயே சுற்றுமாம். புரதத்தில் சாயத்தை ஒட்டி, இருட்டறையில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளப்பார்.

"கார்த்தால வாஷி டிரெயின் கூட்டம் மாதிரிதான் அண்ணா. நகர முடியாது. ஆனா நின்ன எடத்துலயே திரும்பலாமோல்லியோ?" என்று எனக்கு விளக்கினார்.

என்னால் அதுவும் முடியாது. தாராவியிலிருந்து நடந்துபோய் சூனாபட்டியில் ரயில் ஏறுவேன். செம்பூர் வருவதற்குள் வாசல் பக்கம் திரும்பி, முன்னால் நிற்பவரிடம் "செம்பூர் உதரேகா?", அதாவது செம்பூரில் இறங்குவீர்களா என்று இந்தியில் கேட்க வேண்டும். இறங்காதவர் என்றால் வழி விடச் சொல்ல வேண்டும். கூச்சத்தில் கேட்காமல் அடுத்த ஸ்டேஷனான கோவண்டி வரை போய்த் திரும்பி வருவேன்.

ஆராய்ச்சிக்கு எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள். மறுக்கக் கூச்சமாக இருந்ததால் நானும் கொடுத்தேன். கடைசி ஆள் நான்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது.

மாலையில் மேடம் ஓடி வந்தார். "அண்ணா, உங்களோடது ரொம்ப மெதுவாத் திரும்பறது! வேற யாருக்கும் இப்படி வரலை!" முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இது வியாதியா என்று கேட்க வாய் வரவில்லை. "சரிங்க மேடம்" என்றேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "ஒங்க ரத்தமே திரும்பாதாக்கும்? அப்ப கோவண்டிக்குப் போறது ஒங்க தப்பில்ல."

பிறகு சிரிப்பு நின்றது. "ஏங்க, கை காலு விழுந்துருமோ? அந்த மேடத்துகிட்ட கேட்டியளா?"

"கேக்கல."

"நாக்குமா திரும்பல?"

அன்றிலிருந்து தினமும் பீட்ரூட். வேலையில் யாரும் பார்க்காதபோது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு கைகளும் மேலே போயின. ஆனால் மெதுவாகப் போகின்றனவோ என்று சந்தேகம். கடைசியில் மனைவி, "நீங்க கேக்கலன்னா நானே அங்க வந்து கேக்கேன்" என்றாள். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்ததில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"மேடம், இது வியாதிங்களா?"

அவர் திகைத்தார். "தெரியலையே அண்ணா. இன்னொரு தடவை பாத்துடலாமா?"

அந்தத் 'தெரியலையே'வை நினைத்துக்கொண்டே மறுபடியும் கையை நீட்டினேன்.

ரத்தத்தைத் தயார் செய்துவிட்டு இருட்டறை விளக்கைப் போட்ட மேடம் அப்படியே நின்றார். அளக்கும்போது ரத்தத்தை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வெந்நீரைச் சுற்றவிடும் பம்பு ஒன்று உண்டு. பூஜையன்று எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அணைத்ததும் அவர்தான். மறுநாள் மற்றதையெல்லாம் போட்டவர் இதை மறந்திருந்தார். காய்ந்த சாமந்தி மாலை அதன் சுவிட்சை மறைத்துத் தொங்கியது. என் ரத்தத்தை ஏசி குளிரில் அளந்திருக்கிறார். குளிரில் தேங்காய் எண்ணெய் இறுகுவதுபோல அந்தக் கொழுப்பும் இறுகுமாம்.

பம்பைப் போட்டு அளந்தார். 

"எல்லாரையும் மாதிரிதான் இருக்கு அண்ணா" என்றார், துக்கச் செய்தி சொல்லும் குரலில். என் ரத்தத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதத் தொடங்கியிருந்தாராம்.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றேன்.

அவர் மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். குப்பையில் போட்டேன்.

வீட்டில் மனைவி பெருமூச்சு விட்டாள். அடுத்து, "அப்ப நாளையிலருந்து செம்பூர்லயே எறங்கலாம்லா?" என்றாள்.

மறுநாள் செம்பூருக்கு முந்தின ஸ்டேஷனான திலக்நகர் தாண்டியதும் முன்னால் நின்றவரிடம் கேட்டே விட்டேன்.

"செம்பூர் உதரேகா?"

"நஹி. கோவண்டி."

அதற்கு மேல் வழி விடச் சொல்லக் கூச்சம். அவரோடு கோவண்டியில் இறங்கினேன்.