கலாதேவி அனுப்பிய பதினொரு பச்சைச் செய்திகள்

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் பள்ளி வேன் ஓட்டும் கலாதேவிக்கு ஐம்பத்திரண்டு வயது. இத்தனை வருடத்தில் அவள் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. வேன் பிந்தினால் அது மழையின் தப்பு, முன்னால் போன லோரியின் தப்பு. ஒருநாளும் கலாதேவியின் தப்பாக இருந்ததில்லை. கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மூத்த மகள் அவள். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. வந்த இடத்தில் முதலில் லைசன்ஸ் எடுத்தாள், பிறகுதான் கல்யாணம். அந்த வரிசையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

தங்கை தினேஸ்வரி அடுத்த தெருவில் இருபது வருடம் குடியிருந்தாள். வாரத்துக்கு இரண்டு சண்டை, மூன்று கறிப் பாத்திரம் என்று போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அவள் கணவன் ஜெயபாலனுக்குச் செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்து, தோட்டத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனார்கள். புறப்படும் நாள் விருந்தில், ஜெயபாலனின் உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில், கலாதேவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மீன் கறி நான் வெச்சதுலா. இவ வெச்சா மீனே எந்திரிச்சு ஓடிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தினேஸ்வரி சிரிக்கவில்லை. போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறிவிட்டாள்.

மூன்று வாரம் சத்தமே இல்லை. ஒரு திங்கட்கிழமை மதியம், பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டு, கலாதேவி ஐபோனை எடுத்தாள். வாட்சாப் அவளுக்கு அலுவலகம் மாதிரி. திறந்தால் முப்பது பிள்ளைகளின் பெற்றோரும் வரிசையில் நிற்பார்கள். அக்கா தங்கைப் பேச்செல்லாம் ஐபோனின் சொந்தச் செய்திப் பெட்டியில்தான், நீலக் கட்டத்துக்குள். 'அன்னிக்கு அப்படிப் பேசிருக்கக் கூடாது. தப்பு என்னோடது' என்று எழுதினாள். நாலு தடவை அழித்து எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நீலக் கட்டம் பச்சையாக மாறியது.

பின்னால் நின்ற வேனை ஓட்டும் புஷ்பலதாவிடம் காட்டினாள்.

"பச்சையா மாறுனா பிளாக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்லா," என்றாள் புஷ்பலதா. "என் மருமக என்னைய அப்படித்தான் பண்ணா."

கலாதேவி போனை வாங்கி மறுபடி பார்த்தாள். பச்சைதான். போன் அடித்துக் கேட்டிருக்கலாம். அடித்து, தங்கை எடுக்காமல் விட்டால் அதைத் தாங்க முடியாது என்று பயந்தாள்.

மறுநாள் மதியம் கை தானாகப் போனை எடுத்தது. பிளாக் செய்தவள் படிக்கப் போவதில்லை. படிக்காதவளிடம் என்ன வெட்கம்? எழுதினாள். 'உன் ரசம் என்னோடத விட நல்லா இருக்கும். என் வீட்டுக்காரரே சொல்லிட்டாரு, அதான் கோவம்.' பச்சை. 'ஸ்டாண்டர்ட் ஃபைவ்ல உன் புதுக் குடைய ஒடச்சது நான்தான். நீ அடி வாங்குன.' பச்சை. 'உங்க பழைய வீட்டத் தாண்டும்போது வேன் தானா ஸ்லோ ஆவுது.' அதுவும் பச்சை. வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்று ஆகிவிட்டது. கடைசியில் எழுதியது இது: 'புந்தோங்ல எனக்கு சண்டை போடக்கூட ஆள் இல்ல.'

சனிக்கிழமை அவளால் முடியவில்லை. கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும், முகத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று வேனை எடுத்தாள். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் போனில் இன்டர்நெட் போய்விட்டது. அதைக் கவனிக்கும் மனநிலையில் அவள் இல்லை.

வாசலில் ஜெயபாலன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்கக்கா. சொல்லாம கொள்ளாம."

"எப்படிச் சொல்றது? உன் பொண்டாட்டிதான் என்னைய பிளாக் பண்ணிட்டாளே. எல்லாம் பச்சையாப் போகுது."

ஜெயபாலன் சிரித்துவிட்டான். "பிளாக்கும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. இங்க இன்டர்நெட் லைன் வராது, சாதா லைன் மட்டும்தான். உங்க போன் கொஞ்ச நேரம் பாக்கும். இந்தப் பக்கம் இன்டர்நெட் கிடைக்கலன்னா, அதுவே சாதா எஸ்எம்எஸ்ஸா மாத்தி அனுப்பிரும். பச்சைன்னா அதான். மெசேஜ் வந்து சேந்துரும்."

கலாதேவி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாமா?"

"பதினொண்ணும் வந்துச்சு," என்றபடி தினேஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள்.

குடை. ரசம். தானாக ஸ்லோ ஆகும் வேன். கலாதேவிக்குக் காது வரைக்கும் சுட்டது. நாலு பேர் முன்னால் தங்கையை மட்டம் தட்டியவள் அவள். இப்போது தங்கை கையில் பதினொரு ஆயுதம். ஜெயபாலன் பக்கத்திலேயே நிற்கிறான். ஒன்றைப் படித்துக் காட்டினால் போதும், மானம் கப்பலேறிவிடும். தினேஸ்வரி போனைக் கவுனுப் பைக்குள் போட்டாள்.

"சாப்பிடலாம், வா."

"பதில் ஒண்ணு போட்டிருக்கலாமில்ல?" என்றாள் கலாதேவி.

"மூணாவதுலயே போட்டிருப்பேன். போட்டா நீ நிறுத்திருவியே."

மேசையில் மீன் கறி இருந்தது. கலாதேவி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். "நல்லா இருக்கு," என்றாள்.

"நீ நல்லா இருக்குன்னு சொன்னா எனக்குப் பயமா இருக்குக்கா."

சாயங்காலம் புறப்பட்டபோது தினேஸ்வரி ரோட்டு வரைக்கும் நடந்து வந்து அனுப்பினாள். வளைவு தாண்டியதும் கலாதேவி வேனை ஓரமாக நிறுத்தினாள். இன்டர்நெட் இன்னும் வரவில்லை. எழுதினாள்: 'கறில புளி கம்மி. ஆனா அதச் சாப்பிடத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்.' பச்சையாகப் போனது. வேனை எடுக்கவில்லை, காத்திருந்தாள்.

பதில் வந்தது: 'பச்சையாத்தான போயிருக்கும். அப்ப உண்மைதான்.'