தலைகீழாகக் குத்திய பென்சீன்

எண்பதுகளின் நடுவில், வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல், தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். மார்க்கெட் சந்தில், மாடியில் மூன்று அறைகள். பிளஸ் டூவில் கோட்டை விட்டவர்களை மறுபடி பரீட்சைக்குத் தயார் செய்வது எங்கள் தொழில். கட்டடம், டுடோரியல் இரண்டுக்கும் ஒரே முதலாளி. அவருடைய குடும்பம் நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றது. அவர் கல்வியை விளைவிக்க வந்துவிட்டார். வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று போர்டு தொங்கும். அந்த நூறைக் காப்பாற்றும் வழி எளிது. டுடோரியலின் மாதிரித் தேர்வில் தவறியவர்களின் அரசுத் தேர்வு விண்ணப்பத்தை அவர் அனுப்பவே மாட்டார்.

அவரும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான். மற்ற பாடமெல்லாம் என் தலையில். பென்சீனை மட்டும் அவரே நடத்துவார். ஒரு ஜெர்மன்காரர் கணப்பருகே கண்ணயர்ந்தபோது கனவில் ஒரு பாம்பு தன் வாலையே கவ்வியதாம், அதிலிருந்து பென்சீன் ஒரு வளையம் என்று கண்டுபிடித்தாராம் என்ற கதையைச் சொல்லி, கொஞ்சம் நிறுத்துவார்.

“அந்தப் பாம்பு யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம திருநீர்மலைல பெருமாளைத் தாங்கிகினு படுத்திருக்காரே, அந்த ஆதிசேஷன்தான். நாம தூங்கிட்டோம், அவன் கனவு கண்டுட்டான்.”

பின்வரிசையில் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்டு எழுந்து உட்காருவார்கள்.

அவர் போனபின் மீதி வரலாற்றை நான் சொல்வேன். பாம்போடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஆறு கார்பன்களை முப்பட்டகமாக நிறுத்தினார் ஒருவர். வளையத்தின் குறுக்கே கோடு இழுத்தார் இன்னொருவர். ஒவ்வொரு கார்பனிலிருந்தும் ஒரு கோட்டை நடுவை நோக்கி நீட்டி, அங்கே என்ன ஆகிறது என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள் வேறு சிலர். ஜெர்மன்காரருக்கும் ஒரு சிக்கல் வந்தது. அவருடைய அறுகோணத்தில் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைக் கோடு. அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் குளோரினை ஏற்றும்போது இரண்டு வகைப் பொருள் கிடைக்க வேண்டும்: நடுவில் ஒற்றைக் கோடு உள்ளது ஒன்று, இரட்டைக் கோடு உள்ளது ஒன்று. கிடைத்ததோ ஒன்றே ஒன்று. அதனால் கோடுகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன, இப்படிப் போட்டாலும் அப்படிப் போட்டாலும் ஒரே பென்சீன்தான் என்று சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்தவன் போல இதை நான் நடத்துவேன். தெரிந்திருந்து என்ன பிரயோஜனம் என்பதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் வினாத்தாளும் விடைச் சாவியும் ஸ்டென்சில் என்கிற மெழுகுத்தாளில் கீறி, மை உருட்டி நகல் எடுப்பவை. அறுகோணத்தைக் கீறினால் நடுப்பகுதி கழன்று விழுந்து, நகலில் கரிய திட்டு வரும். ஆகவே முதலாளி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பென்சீனுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்யக் கொடுத்தார். உருண்டைப் பிடி, எது மேல், எது கீழ் என்று அடையாளம் கிடையாது. விடைச் சாவியில் அதைக் குத்தும் வேலை எனக்கு. குத்தினேன். விடைகள் சாவியோடு கோட்டுக்குக் கோடு பொருந்த வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். பென்சீனை வரையச் சொன்ன கேள்வியில் பொருந்தாத படங்களுக்கெல்லாம் ஒரு மார்க் குறைத்தேன். நிறையப் பேருக்குக் குறைந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஒரு மார்க் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் தேவைப்பட்டது. மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போடுகிறவள். ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். வேதியியலில் மட்டும் பாக்கி. அதைத் தேறிவிட்டால் அங்கேயே லேபில் காலியாக இருக்கும் இடத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது விடைத்தாள்களைக் கொடுத்தேன். அவள் தேர்ச்சிக்கு ஒரு மார்க் கீழே நின்றாள்.

பாடப் புத்தகத்தைத் திறந்து என் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் தன் விடைத்தாள். இரண்டிலும் பென்சீன் ஒன்றுபோல் இருந்தது. பிறகு என் சாவித் தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். இப்போது மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.

“ஸ்டாம்பு திரும்பிடுச்சு போல சார்,” என்றாள். குற்றம் சாட்டவில்லை, எனக்கு உதவி செய்கிற குரல்.

முதலாளி உள்ளே வந்தார். “இன்னா பிரச்சினை?”

“புக்குல இருக்கிற மாதிரிதான் சார் போட்டிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “கீ கரெக்டா சார்?”

எனக்கு முன்பு இருந்த ஆசிரியர், வினா எண் ஒன்று தவறியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். எனக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். “கரெக்ட்தான் சார்,” என்றேன்.

அது பொய்யில்லை. பென்சீனைப் பொறுத்தவரை எப்படிக் குத்தினாலும் சரிதான். அவள் போட்டதும் சரி என்கிற மீதியை மட்டும் விழுங்கிவிட்டேன். கோழைத்தனத்துக்கு அறிவியல் ஆதாரம் கிடைப்பது அபூர்வம், எனக்குக் கிடைத்தது.

“பேப்பரைத் தலைகீழா வெச்சுத் திருத்துற பழக்கம் நம்மகிட்ட இல்லம்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்றார் முதலாளி. அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். லேப் இடம் வேறொருவருக்குப் போனது.

ஆறு மாதம் கழித்து அதே மாதிரித் தேர்வு, அதே ஸ்டென்சில், அதே சாவி. அவள் மறுபடியும் எழுதினாள். இந்த முறை இரண்டு அறுகோணங்கள் போட்டிருந்தாள், ஒன்றில் கோடுகள் இப்படி, மற்றதில் அப்படி, நடுவில் இருபுறமும் முனையுள்ள அம்பு. ஜெர்மன்காரரே வந்து எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார். கீழே ஒரு வரி: ‘சாவியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளவும்.’

படித்ததும் சிரித்தேன். அடுத்த விடைத்தாளை எடுக்கக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது. முழு மார்க் போட்டு, அந்தத் தாளோடு முதலாளியின் அறைக்குப் போய், போன முறை ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்தியவன் நான்தான், இரண்டு விதமும் சரிதான், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றி, திருப்பிப் பிடித்து, பழைய அறுகோணத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று குத்தினார்.

“இவ்ளோதானா? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே குத்தியிருப்பேனே. அந்தப் பொண்ணு ஃபார்மும் போயிருக்கும். இன்னா சார் நீங்க.”

கீழே இறங்கினேன். அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். “பென்சீனுக்கு முழு மார்க்மா,” என்றேன். “தேங்க்ஸ் சார்,” என்றாள். மீதியை அன்றும் சொல்லவில்லை.