ஐந்து புள்ளி ஆறு

என் தம்பி முத்துவேலைக் கொச்சி மட்டாஞ்சேரியில் இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் தெரிந்துவைத்திருப்பது அவனை அல்ல, போனில் வந்த ஒரு வீடியோவை.

எங்கள் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே பஜாரில் அரிசி மூட்டை சுமந்தவர். நாங்கள் இரண்டு பேரும் சுள்ளிக்கல்லில் பிறந்தோம். நான் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தேன். முத்துவேல் பன்னிரண்டாவது முடித்து லாசர் சேட்டனின் போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தான். கல்யாணம், ஞானஸ்நானம், கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் போனான். ஆனால் பெயர் வந்தது சாவு வீட்டுப் படங்களில்தான். கிறிஸ்தவர் வீடுகளில் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொள்ளும் படம் கல்யாணப் படத்துக்குச் சமம். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குக் கடைசியாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.

அந்தப் படத்தை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டிக்குள் வெள்ளை சாட்டின், இறந்தவர் கைகளில் வெள்ளை உறை, சுற்றிலும் வெள்ளைப் பூ. கேமராவின் போக்கில் விட்டால், இவ்வளவு வெள்ளையையும் பார்த்து வெளிச்சம் கூடிப்போனது என்று அது குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும், முகம் கரியாகும். வெயிலில் உழைத்த முகம் என்றால் மூக்கும் வாயும்கூடத் தெரியாது. மற்றவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி, மாவு பூசியது போலக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

முத்துவேல் லைட் மீட்டர் வைத்திருந்தான். உள்ளங்கையில் அடங்கும் கருவி. மேலே பாதிக் கோலிக்குண்டு போல ஒரு வெள்ளைக் குமிழ், கீழே எண் காட்டும் சின்னத் திரை. அதை முகத்தருகே பிடித்து, குமிழைக் கேமரா நிற்கும் பக்கம் திருப்பிப் பட்டனை அழுத்துவான். முகம் கறுப்பா சிவப்பா என்று அது பார்க்காது. அந்த இடத்தில் விழும் வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணைக் கேமராவில் கையால் வைப்பான். கறுத்தவர் கறுத்தவராகவே, இமை முடி வரை தெளிவாக வருவார். "அப்பச்சன் உறங்குந்ந போலெ" என்று ஒரு வீட்டில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். வீட்டாரைப் பெட்டியருகே அழைக்கும் முன்பே போய் அளந்துவிடுவான். இறந்தவர் முகத்துக்கு நேரே எதையோ நீட்டுவதை உறவுகள் பார்க்கக் கூடாது என்பான்.

லாசர் சேட்டன் கனடாவில் இருக்கும் மகளிடம் போக முடிவு செய்திருந்தார். ஈஸ்டர் கழிந்ததும் ஸ்டூடியோவை நீதான் நடத்த வேண்டும் என்று முத்துவேலிடம் சொன்னார். வருடக்கணக்காக அவன் காத்திருந்த வார்த்தை அது.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், வைப்பின் தீவில் ஆன்டோ என்ற படகுத் தொழிலாளி நெஞ்சடைத்து இறந்துபோனான். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரத் தாமதமானது. வந்து இறக்கும்போதே முற்றம் நிறைந்திருந்தது, தாய் த்ரேசியா பெட்டியருகே உட்கார்ந்துவிட்டாள். மேலே நீலத் தார்ப்பாய், ஓரத்தில் சுள்ளென்று வெயில். கண்ணால் கணிக்க முடியாத வெளிச்சம். அளக்காமல் நாலு படம் எடுத்துவிட்டு வந்திருக்கலாம். என் தம்பிக்கு அது வராது. குனிந்து மீட்டரை ஆன்டோவின் கன்னத்தருகே பிடித்தான். திரையில் 5.6 என்று வந்தது.

த்ரேசியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கணவர் கோவிட்டில் போனவர். அப்போது விரலில் மாட்டிய கருவியில் எண் தெரிந்தவரை உயிர் இருந்தது. எண் அணைந்ததும் முடிந்துவிட்டது என்றார்கள். நடுவில் இருந்த புள்ளி அவள் கண்ணில் படவில்லை.

"அம்பத்தாறுண்டல்லோ மோனே," என்றாள். "ஜீவனுண்டு."

முத்துவேல் உடனே பதில் சொல்லவில்லை. அதைத்தான் எல்லோரும் குற்றம் என்கிறார்கள். ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு உயிர் இருக்கிறது என்று சொன்னால் யாருக்கு நாக்கு எழும்? இது வெளிச்சம் பார்க்கிற மிஷின் அம்மச்சி என்று அவன் சொல்லும்போது கூட்டம் எழுந்துவிட்டது. ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார். பக்கத்து வீட்டு நர்ஸ் ஆன்டோவின் கையுறையைக் கழற்றி நாடி பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். த்ரேசியா இரண்டாவது முறை அழத் தொடங்கினாள். ஆன்டோவின் அண்ணன் ஜோஷி, பாண்டி என்று தமிழரை இழித்துச் சொல்லும் வார்த்தையைச் சொல்லி என் தம்பியை அறைந்தான். அதன்பிறகு அங்கே யாரும் படம் எடுக்கவில்லை.

குவைத்திலிருக்கும் உறவினர்களுக்காக நேரடி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை நீட்டுவது முதல் அறை விழுவது வரை யாரோ வெட்டி அனுப்ப, சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் இருந்தது. மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன், தன் நாடியையும் பார்க்கச் சொல்லி முத்துவேலிடம் மணிக்கட்டை நீட்டினான். "டாக்டரே, என்றெ பல்ஸ் கூடி ஒந்நு நோக்கிக்கே."

லாசர் சேட்டன் அந்த மீட்டரைக் காட்டித்தான் வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். இப்போது, வைப்பினுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் எந்தச் சர்ச்சிலும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள் என்றார். தவறே செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் தடுத்தேன். ஸ்டூடியோவை நினைத்து அவன் கிளம்பினான். நானும் கூடப் போனேன்.

ஜோஷி வாசலிலேயே நிறுத்தி மன்னிப்பை அங்கேயே சொல்லச் சொன்னான். போனை வேறு தூக்கிப் பிடித்துக்கொண்டான். முத்துவேல் சொன்னான். உள்ளேயிருந்து த்ரேசியா கூப்பிட்டாள். மீட்டரைப் பிடித்தபோது மகன் இறந்துவிட்டான் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான்.

"இத்திரி நேரம் எனிக்கு அவனெ திரிச்சு கிட்டி. அது நீ தரண்டாயிருந்நு."

கொஞ்ச நேரம் மகன் திரும்பக் கிடைத்தான், அதை நீ தந்திருக்க வேண்டாம் என்கிறாள். அழவில்லை, திட்டவில்லை. ஜோஷி மேல் எனக்கிருந்த கோபத்தை அவள் மேல் வைக்க முடியவில்லை.

திரும்பும்போது படகில் முத்துவேல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அடிச்சவன் மேல கோவமில்லக்கா. அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல."

"உனக்கு எதுக்குடா பதில் தெரியணும்? நீ உன் வேலையச் செஞ்ச."

ஈஸ்டர் கழிந்தது. தோப்பும்படியில் மொபைல் கடை வைத்திருந்த தன் அக்கா மகனிடம் லாசர் சேட்டன் ஸ்டூடியோவைக் கொடுத்தார். என் தம்பி காரணம் கேட்டான். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்.

"நீ போயி மாப்பு பறஞ்ஞில்லே? அதோடெ தெற்று நின்றெ மேலாயி."

அனுப்பியதும் அவர், மன்னிப்புக் கேட்டதால் தப்பு உன்மேல் ஆகிவிட்டது என்றதும் அவர். கனடா போகும் முன் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். முத்துவேல் சாயா போட்டுக் கொடுத்தான். நான் மிஷினை விட்டு எழவில்லை.

இப்போது அவன் ஹோட்டல்களுக்குச் சாப்பாட்டுப் படம் எடுக்கிறான். வெள்ளைத் தட்டில் கறுத்து வறுத்த கரிமீன். அதே மீட்டரைத் தட்டருகே பிடித்து அளக்கிறான். மீனுக்கு அம்மா வந்து கையைப் பிடிக்கமாட்டாள் அக்கா என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு நாள் அதையே சொன்னபோது அவனும் சிரிக்கவில்லை.