அரை மணி முன்னால் வந்த பிள்ளைகள்

நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் படிக்க வைக்கிறேன் என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, ஒரு வருடம் முழுக்கக் கூட்டவும் துடைக்கவும் வைத்தேன். அவளோடு இன்னும் ஐந்தாறு பிள்ளைகள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அவிநாசிக்கும் சோமனூருக்கும் நடுவே எங்கள் சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு மழலையர் பள்ளி தொடங்கினார்கள். படித்தவன் என்று என்னைத் தாளாளராக உட்கார வைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் எடுத்துக்கொண்ட பாடமுறை அப்போது எங்கள் பக்கம் புதிது. இத்தாலியப் பெயர் கொண்டது. இன்றைக்குக் கோவையைச் சுற்றி பேக்கரிக்கு அடுத்தபடியாக அந்தப் பெயர்ப் பலகைதான் அதிகம். டீச்சர் முன்னால் நின்று கத்துவது அதில் கிடையாது. குழந்தை தன் பாயை விரித்து, அலமாரியிலிருந்து தனக்குப் பிடித்த பொருளை எடுத்து, போதும் என்று தோன்றும்வரை செய்துவிட்டு, எடுத்த இடத்தில் திருப்பி வைக்கும். எண்ணிப் பழகக் கோத்த மணிகள், மரக்கட்டைகள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். கூடவே சின்னச் சீமாறு, முறம், துடைக்கிற துணி, ஜக்கு, டம்ளர். கூட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அங்கே கணக்குக்குச் சமமான பாடம். கையும் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கக் குழந்தை பழகுவது அதில்தான்.

சென்னையில் பயிற்சி எடுத்த ஒரு டீச்சரை வேலைக்கு வைத்தோம். நாற்பது வயது இருக்கும். குழந்தைகளிடம் பேசும்போது முட்டிபோட்டு உட்காருவார். என்னிடம் பேசும்போது அந்தப் பணிவு இருக்காது. முதல் மூன்று மாதம் அந்த அறைக்குள் போய் நின்றாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். முப்பது பிள்ளைகள் இருக்கிற அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். விசைத்தறி வைத்திருக்கிற ஒருவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்து, மரியாதை குறையாமல், குரலும் ஏறாமல் கேட்டார்:

"ஏனுங்க சார், எம் பொண்ணு ஊட்டுல குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வெக்கறதில்லீங்க. அவ இங்க வந்து சீமாறு புடிக்கோணுமா?"

கையும் கண்ணும் என்று நான் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "கை, கண்ணெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஏ பி சி டிதான் வரமாட்டீங்குது." பக்கத்திலிருந்த அவர் மனைவி, காலனிப் பிள்ளைகளோடு சேர்ந்து தன் மகள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததை மாமியார் பார்த்துவிட்டதாகவும், வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை என்றும் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள்.

காலனிப் பிள்ளைகள் என்று அவர் சொன்னது, நாங்கள் இலவசமாகச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளை. அதில் ஒருத்தி, முதலில் சொன்ன நான்கு வயதுக்காரி, எங்கள் பள்ளி ஆயாவின் மகள். அவர்களைச் சேர்த்தது என் யோசனை. ஜாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது.

கூட்டும் பொருள்களை எடுத்துவிட டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றோரை இழக்க எனக்கு மனமில்லை. இரண்டு பக்கமும் கெடாமல் ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். இலவசப் பிள்ளைகள் அரை மணி முன்னால் வருவார்கள். கூட்டுவது, துடைப்பது, பாய் மடிப்பது எல்லாம் அவர்கள் பாடம். மற்றவர்கள் வரும்போது அறை சுத்தமாக இருக்கும். வந்ததும் நேராக எழுத்துக்கும் மணிக்கும் போகலாம். பாடங்களில் ஒன்றும் விட்டுப்போகவில்லை, எல்லாம் அறைக்குள் நடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேரம் மாற்றியதைத் தவிர வேறென்ன செய்தேன் என்று டீச்சரிடம் வாதாடினேன்.

"ஒரு குழந்தைக்கு எப்பவும் அதையே கொடுத்தா அதுக்குப் பேரு வேலைங்க சார்," என்றார் அவர்.

ஒரு நாள் காலை வாசலில் நின்றிருந்தேன். ஆயாவின் மகள் கூட்டி முடித்துவிட்டு, சீமாற்றை மாட்டிவிட்டு, மணி அலமாரிக்குப் போய் ஒரு தட்டை எடுத்தாள். சரியாகத்தான் எடுத்தாள், இரண்டு கையாலும். அவள் அம்மா ஓடிவந்து தட்டை வாங்கி மேலே வைத்தாள். "அதத் தொடாத கண்ணு, சார் நிக்கறாரு."

சாராகிய நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வருடக் கடைசியில் டீச்சர் வேலையை விட்டார். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்: ஆயாவின் மகளுக்கு மட்டுமாவது எல்லாப் பாடமும் கொடுக்க வேண்டும், அவளுக்கு எண்ணுவதில் அவ்வளவு ஆசை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் ஆயா அவளைப் பஞ்சாயத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பள்ளி பெயர் வாங்கியது. பெற்றோர் சண்டை போடாத பள்ளி, அமைதியான வகுப்பு என்று பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்கள். புதுப் பள்ளிகளின் திறப்பு விழாக்களுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தையின் சுதந்திரம் பற்றி நன்றாகப் பேசுவேன். சால்வைகள் வீட்டில் ஒரு பீரோ நிறைய இருந்தன.

சில வருடங்களுக்கு முன் பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். புதிய கட்டடம், புதிய பொருள்கள். இளம் தலைமை ஆசிரியை ஒருவர் சுற்றிக் காட்டினார். ஒரு மூலையில் மஞ்சள் ஏப்ரன் கட்டிய நாலைந்து பிள்ளைகள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஏப்ரன் இல்லை. யார் இவர்கள் என்று கேட்டேன்.

"ஃப்ரீ சீட்டுங்க சார். உங்க ஸ்கூலப் பாத்துட்டு வந்துதான் இப்பிடி வெச்சோம். ஏப்ரன் மட்டும் எங்க ஐடியாங்க."

இது தப்பு, உடனே மாற்றுங்கள் என்றேன். அவர் குழம்பிப்போனார். "அப்ப எங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துப்போட்டீங்களா சார்?" ஆமாம் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். காபி வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்களைப் பார்த்து வகுப்பு அமைத்த பள்ளிகளுக்கெல்லாம் தேடிப்போனேன். சிலவற்றில் இந்தப் பழக்கம் தானாகவே நின்றுபோயிருந்தது. சிலவற்றில் அப்படியே இருந்தது. எல்லோரும் நன்றாக உபசரித்தார்கள். ஒருவர்கூட நான் சொன்னதை எதிர்க்கவில்லை, ஒருவர்கூட மாற்றவும் இல்லை. ஒரு தாளாளர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "நீங்க ரிட்டயராகிப் போட்டீங்க, பேசலாமுங்க. நாளைக்கு ஸ்கூல் நடத்தறது நாங்கதானுங்க." நானாக இருந்தாலும் அந்த வயதில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பள்ளியை இப்போது நடத்துவது என் மகன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வரட்டும், சீமாறு யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுக்கட்டும் என்று அவனிடம் மன்றாடினேன். கடைசியில் சரி என்றான். அந்த வாரமே பனியன் கம்பெனிக்காரர் வீட்டுப் பையன் தரை துடைக்கிற போட்டோ பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மகன் அந்த அலமாரியையே மொத்தமாக எடுத்துவிட்டான். சுத்தம் செய்வதை கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டான். "இனி எந்தப் புள்ளையும் கூட்ட வேண்டாம். உங்க பிரச்சினை தீந்துதுங்களா அப்பா?" என்றான். முறையிலிருந்த நல்ல பாதி அப்படிப் போய்ச் சேர்ந்தது. பெயர்ப் பலகை மட்டும் இன்னும் பெரியதாகிவிட்டது.

இனி செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆயாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மகளுக்குக் கல்யாணமாகி, அம்மா வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறாள். திருப்பூரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. மூன்று வயதில் ஒரு பையன். டீ கொடுத்தார்கள். நான் செய்தது என்ன என்று அவளிடம் நேராகச் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் கேட்டேன்.

ஆயாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் எதுக்குங்க சார் இப்ப? அறியாத வயசு, அவளுக்கென்ன நெனப்பிருக்கப்போவுது."

"நெனப்பிருக்குதும்மா," என்றாள் மகள்.

காலி டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். நானாக அடுத்ததைச் சொன்னேன்: பையனை எங்கள் பள்ளிக்கு அனுப்பு, எல்லாப் பாடமும் அவனுக்குக் கிடைக்கும், தினமும் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பையன் அப்போது தரையில் குப்புறப் படுத்துக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பென்சிலை மடக்கிய கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தான். விரல் நுனி வெளுத்திருந்தது. அவன் போகிற பள்ளியில் மூன்று வயதுக்கே வீட்டுப்பாடம். இந்த வயதில் விரல் எலும்பு இன்னும் முற்றியிருக்காது, எழுதவைக்கக் கூடாது என்று விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க சார். எம் பையன் கையில மொதல்ல பென்சில்தான் இருக்கோணும்."

அவனுக்கு எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் நடக்காது என்றேன். இப்போது எந்தப் பிள்ளையும் கூட்டுவதில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என்னைச் சங்கடப்படுத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அட்மிஷன் முடிகிறவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை.

அந்தப் பையன் படிக்கிற பள்ளியின் தாளாளர் எனக்குப் பழக்கம். நேரில் போய், மூன்று வயதுக்காரர்களுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். யாரோ ஒரு குழந்தைக்காக வந்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எந்தக் குழந்தை என்று கேட்டு, வகுப்பு டீச்சரை வரவழைத்தார்.

டீச்சருக்கு அந்தப் பையனை நன்றாகத் தெரிந்திருந்தது. போன வாரம்தான் அவன் அம்மா வந்து பேசிவிட்டுப் போனாளாம். தினமும் ஒரு பக்கம் போதாது, இரண்டு பக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.