மூன்று விரல் குறைவு

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து, லாட்ஜ்காரர்கள் ஈர மெத்தைகளை மொட்டை மாடியில் காயப்போடும் மாதத்தில் அந்த வகுப்பு நடந்தது. ஐந்து நாள். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது, கட்டை செதுக்குவது, எருமைக் கொம்பில் மருந்துக் குடுவை செய்வது, ரவைக்குத் தோல்பை தைப்பது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கியோடு வரலாம். வெடிமருந்து மட்டும் ஒரு பொட்டுக்கூடக் கொண்டுவரக் கூடாது. முதல் நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து துப்பாக்கி எண்களை எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

நடத்துகிறவன் யார் என்று தெரிந்தேதான் போனேன். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். தென்காசியில் அவன் அப்பா வைத்திருந்த துப்பாக்கிப் பட்டறையை இருபது வயதிலேயே எடுத்து நடத்தியவன். என் அப்பாவின் ஒரு புகாரால் அந்தப் பட்டறையை இழந்து, சவுதிக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் லேத் ஓட்டியவன். திரும்பி வந்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து மறுபடி அனுமதி வாங்கியிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி," என்றான். "பேர நோட்டுல எழுதிருங்க."

அந்த அண்ணாச்சி எனக்குச் சுட்டது. ஒரே வயது எங்களுக்கு. பத்தாம் வகுப்பு முழுக்க என்னை ஏலே என்று கூப்பிட்டவன். இப்போது கடைக்கு வந்த ஆளாகிவிட்டேன்.

புகாரின் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் முன்னால் எங்கள் நிலக்கடலையைப் பன்றி கிண்டிக்கொண்டிருந்தது. அச்சன்புதூருக்கு மேற்கே, மலை வந்து காலைத் தொடுகிற வயல். அப்பாவின் துப்பாக்கியில், தட்டினால் பொறி விடும் கேப்பை மாட்டுகிற இரும்புக் காம்பு தேய்ந்துபோயிருந்தது. அதைக் கழற்றிப் புதுக் காம்பு கடைந்து போட்டுக் கொடுத்தது அவன்தான். அன்று சாயங்காலம் வாழைத்தார் வெட்டும்போது அப்பாவின் வலது கட்டைவிரலில் அரிவாள் பட்டுவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு, "ஏலே, நீயே கெட்டிச்சு வச்சிரு. விடியக்காலம் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

மருந்தை அளவுக் குப்பியில் ஊற்றினேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே மலைமேல் ஒரு மேகம் பாதியாகக் கிழிந்து நின்றது. அதைப் பார்த்ததும் மனதில் ஒரு கவிதை வரி வந்தது. குப்பியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அந்த வரியைப் பிடிக்கப் போய்விட்டேன். பிடித்தேன். திரும்பி வந்து தேங்காய் நாரை உருட்டிப் போட்டுக் கெட்டித்தேன், ரவையைப் போட்டேன், மேலே இன்னொரு நார். எல்லாம் முறையாக. மருந்து மட்டும் ஜன்னல் திட்டில் இருந்தது.

அந்த வரி என்ன என்று இன்று எனக்கு நினைவில்லை.

விடியற்காலையில் பன்றி அப்பாவைப் பார்த்துத் திரும்பியது. துப்பாக்கிக் குதிரையைத் தட்டினார். கேப்பு மட்டும் டப்பென்றது. பின்னால் நகர்ந்தவர் வாய்க்கால் கல்லில் விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்தது. பன்றி அவரைத் தொடக்கூட இல்லை, தன் பாட்டுக்குப் போய்விட்டது. அப்பா இன்றுவரை கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது குப்பியைப் பார்த்தேன். வழிய வழிய நிறைந்து, சமர்த்தாக இருந்தது. எடுத்து டப்பாவில் கொட்டி மூடினேன். ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார், "ஒழுங்காத்தான கெட்டிச்ச?"

"ஒழுங்காத்தாம்ப்பா கெட்டிச்சேன். அவன் போட்ட காம்புதான் சரியில்ல."

அப்பா நம்பினார். மகன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? படுக்கையில் இருந்தபடியே புகார் எழுதச் சொன்னார். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வேலைப்பாடு, அனுபவமின்மை, அலட்சியம். ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்து எழுதினேன். என் எழுத்துகளில் முதன்முதலாகப் பலித்தது அதுதான். துப்பாக்கியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா அதைத் தொட மறுத்துவிட்டார். நானும் தொடவில்லை. லைசென்ஸ் என் பெயருக்கு மாறிய பிறகும், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டு வைத்து, முடிந்ததும் எடுத்துவந்து சுவரில் மாட்டினேன். உள்ளே ரவையும் நாரும் அப்படியே கிடந்தன. எனக்கு மட்டும் தெரியும்.

பின் ஏன் போனேன்? நான் சொல்ல முடியாததைத் துப்பாக்கி சொல்லிவிடும் என்று நினைத்தேன். அவன் கையில் கொடுத்தால் போதும், அவனே கண்டுபிடிப்பான், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. கோழைகள் இப்படித்தான் சாட்சிக்கு வேறு ஆள் அனுப்புவார்கள்.

வகுப்பில் என்னோடு இரண்டு பேர். ஆய்க்குடியிலிருந்து ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர். புளியறை தாண்டி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவர்.

"மொதல்ல குழல் காலியான்னு பாக்கணும்," என்றான் அவன். "வீட்டுக்காரவிய சொல்லுததை நான் கேக்க மாட்டேன். கம்பிய விட்டுத்தான் பாப்பேன்."

கம்பியைக் குழலின் வாயில் விட்டு, அடி தட்டியதும் வாயோரத்தில் சாக்பீஸால் கோடு போடுவான். பிறகு கம்பியை எடுத்துக் குழலுக்கு வெளியே படுக்க வைத்து அளப்பான். கம்பியின் நுனி காம்பு வரைக்கும் வந்தால் குழல் காலி. ஏட்டுடையது சரியாக வந்தது. மேஸ்திரியுடையதும் வந்தது. என்னுடையதில் நுனி மூன்று விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

ஏட்டுதான் முதலில் சொன்னார், "ஏ அண்ணாச்சி, இதையா தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல கொண்டாந்து சாத்தினிய? அந்த ரூம்புலதான நாங்க பாய விரிச்சுப் படுப்போம்."

"பேடியாவுது சேட்டா," என்று மலையாளத்தில் பயந்தார் மேஸ்திரி. "வாய அங்கோட்டு திருப்பி வையுங்க."

அவன் சிரிக்கவில்லை. எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் குழலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தான். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தோல் தைக்க வைத்திருந்த தேன்மெழுகுக் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடியது. கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் கடித்தது. ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். காம்பைக் கழற்றியிருந்தான். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"மருந்து இருந்தா கறுப்பா வரணும்," என்றான். "மை மாதிரி வரணும்."

வந்தது துருத் தண்ணீர். வெளிர்ச் சிவப்பு.

திருகுமுனை வைத்த கம்பியை விட்டு இழுத்தான். தேங்காய் நார் வந்தது. குழலைச் சாய்த்ததும் ரவைகள் தட்டில் கலகலவென்று விழுந்தன. பிறகு இன்னொரு நார். அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பார்த்தான். காம்பை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். அவனே கடைந்த காம்பு.

"கேப்பு வெடிச்சிருக்கு. காம்புக்குள்ள பொறி போன கரி இருக்கு. நாரு இருக்கு, ரவை இருக்கு. மருந்து மட்டும் இல்ல." நிமிர்ந்தான். "அன்னைக்கு யாரு கெட்டிச்சது?"

இதற்குத்தான் வந்திருந்தேன். துப்பாக்கி தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டது. மீதி ஒரு சொல் என் வாயில் இருந்தது.

"அப்பாதான்," என்றேன்.

அவன் வெளியே போய்க் குழாயடியில் கை கழுவினான். கை சுத்தமான பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என் காம்பு நல்லாத்தாம்லே இருந்திருக்கு," என்றான்.

லே. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. ஒரு பொய்க்குக் கூலியாக அது என் மடியில் விழுந்தது.

அதன் பிறகு நான்கு நாள் அவன் என்மேல் காட்டிய பிரியத்தை எந்த முகத்தோடு எழுத? கொம்பைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, மர மூடியைச் செருகிப் பிடிக்க வேண்டும். அது ஆறும்போது மூடியை இறுக்கிக்கொள்ளும். என் மூடி மூன்று முறை ஒழுகியது. மூன்று முறையும் என் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினான். மற்ற இருவரிடமும் கதையைச் சொன்னான். கோபமாக இல்லை. கல் பட்ட காயம் ஆறிய ஆள் சொல்வது போல.

"இவன் அப்பா நல்ல மனுசன் பாத்துக்கிடுங்க. அவசரத்துல மறந்துட்டாவ, அம்புட்டுதான்."

"மறந்தவரு ஒம்மேல எதுக்குய்யா புகாரு எளுதுனாரு?" என்றார் ஏட்டு.

"தெரியாமத்தான எளுதுனாவ. நகல் இன்னும் எங்கிட்ட இருக்கு. என்ன எளுத்துங்கிய. படிச்சா எனக்கே எம்மேல சந்தேகம் வந்துரும்."

தோலில் ஊசியைக் குத்திக்கொண்டிருந்தேன். குத்திக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் கிளம்பும்போது கேட்வரை வந்தான். "நாளைக்கு ஒங்க வீட்டுக்கு, மாமாவப் பாக்க வாரேன். சண்ட போட இல்லலே. காம்பு நல்லா இருந்துச்சுன்னு அவிய காதுல ஒருவாட்டி சொல்லணும். அம்புட்டுதான் வேணும் எனக்கு."

அங்கே சொல்லியிருக்கலாம். ஆட்டோ காத்திருந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். "நாளைக்கு அவன் வருதான்" என்று மட்டும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தான். நேந்திரம் சிப்ஸும், ஒரு தீப்பெட்டியில் அந்த ரவைகளும் கொண்டுவந்திருந்தான். அப்பா காலை நீட்டி நாற்காலியில் இருந்தார். அவன் தரையில் உட்கார்ந்து, நிதானமாக, ஒன்றையும் கூட்டாமல் சொன்னான். தண்ணீர் ஊற்றியதை, துரு வந்ததை, காம்பில் கரி இருந்ததை. "அவசரத்துல நீங்க மருந்து போட மறந்துட்டிய மாமா. யாருக்கும் வாரதுதான்."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்போடு கதவருகே நின்றிருந்தேன். அவருடைய வலது கட்டைவிரல் நாற்காலிக் கையில் இருந்தது, வெட்டுப்பட்ட இடத்தில் நகம் இரண்டாகப் பிளந்தே வளரும். யார் கெட்டித்தது என்று அந்த விரலுக்குத் தெரியும். ஒருவர் முகத்தில் இருபத்திரண்டு வருடம் திரும்பி நடப்பதைப் பார்த்தேன்: வயல், ஆஸ்பத்திரிக் கட்டில், நான் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட தாள்.

பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"ஆமா. நான்தான் கெட்டிச்சேன். மருந்து ஊத்துனமான்னு அன்னைக்கே ஒரு சந்தேகம். ஒத்துக்கிட மனசு வரல. ஒம் பொழப்பக் கெடுத்துட்டேம்லே."

இரண்டு கையையும் கூப்பினார். எண்பது வயது. அவன் பதறி எழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான். "விடுங்க மாமா, விடுங்க." இருவரும் அழுதார்கள். 'நானாக்கும்' என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். மேகத்துக்கு நாற்பது சொல் தேடுகிறவன் நான். செம்பைக் கீழே வைத்தேன்.

அவன் போன பிறகு அப்பா கேட்டார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குக் காலையிலயே."

"ம்." கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அழுதுகிட்டு வந்தவன் முன்னால பெத்த பிள்ளையக் காட்டிக் குடுக்க எனக்கு வரல. அதுக்காவ இது முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்கிடாத. நீ சொல்லணும். நான் இருக்கையிலயே சொல்லணும்."

"சொல்லுதேம்ப்பா."

இப்போது அவன் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறான். அப்பாவின் கம்புக்குப் பித்தளைப் பூண் கடைந்து போட்டான். சவுதியில் லேத்தில் சிக்கிய சட்டைக் கதையைச் சொல்கிறான், அப்பா வயலை விற்ற கதையைச் சொல்கிறார். பன்னிரண்டு மணிக்கே அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிடுகிறார். நான் சொன்னால் இது உடையும். உடைந்தால் அப்பாவும் அவனுக்குப் பொய் சொன்னவராகிவிடுவார். இந்தக் காரணம் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் வாரங்களில் அவன் பேச்சு சற்று நின்றால் போதும், அப்பா என்னைப் பார்ப்பார். இதோ இடம் இருக்கிறது, சொல் என்பது போல. நான் டீ போட உள்ளே போய்விடுவேன். அடுத்த வாரங்களில், அவன் வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் பார்ப்பார். போன வெள்ளிக்கிழமை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கும்போதுகூட.